மாமாவின் வேனும் வாரண்டிப் புத்தகமும்

நம் சத்தியமங்கலத்தில் விடியற்காலை எழுந்து ரோட்டுக்கு வந்து பார்த்திருக்கிறீர்களா? முதலில் காதில் விழுவது வேன் சத்தம்தான். மல்லிகைப் பூ மார்க்கெட்டுக்கு ஒரு வேன், கோபிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஒரு வேன், பண்ணாரி கோயிலுக்கு நேர்த்திக்கடன் குடும்பத்தோடு ஒரு வேன். நம் ஊரில் வேன் என்பது ஆடம்பரம் அல்ல, அது பொழப்பு!

1984-ல் ‘மாருதி வேன்’ என்று வந்து, 1988-ல் ‘ஆம்னி’ என்று பெயர் மாறிய அந்தச் சின்ன வண்டியை அறியாதவர் உண்டா? 796 சி.சி., மூன்று சிலிண்டர். அதில் பள்ளிக்கூடம் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்! புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் 2019-ல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. 2010-ல் வந்த ‘ஈகோ’ இன்று அந்த இடத்தில் ஓடுகிறது. இரண்டிலுமே எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில், இழுவை பின் சக்கரத்தில். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

திம்பத்தில் நின்ற வண்டி

என் தாய்மாமா ஒரு வேன் வைத்திருக்கிறார். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. மளிகைச் சாமான் ஏற்றிக்கொண்டு தாளவாடி போவார், திரும்பும்போது காய்கறி ஏற்றி வருவார். வண்டி வாங்கி ஒன்றரை வருடம்தான், மாதத் தவணை இன்னும் ஓடுகிறது. ஒரு நாள் திம்பம் மலைப்பாதையில், 27 கொண்டை ஊசி வளைவில் பாதி ஏறுவதற்குள் சீட்டுக்கு அடியில் இருந்து ஆவி கிளம்பி வண்டி நின்றுவிட்டது.

கட்டி இழுத்து வந்து சர்வீஸ் சென்டரில் விட்டோம். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்றார்கள். ரேடியேட்டர், ஹெட் வேலை, ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் சேர்த்து எஸ்டிமேட் 38,000 ரூபாய். “வெளியில ஆயில் மாத்தியிருக்கீங்க, அதனால வாரண்டி எல்லாமே போச்சுங்க” என்று வாயாலேயே சொல்லி முடித்துவிட்டார்கள்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஏம் மாப்ள, மூணு வருசமா ஆட்டோமொபைல் படிக்கறியே, இவிங்க சொல்றது நெசமா?” என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை, நண்பர்களே! ஓட்டோ சைக்கிள் படம் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். வாரண்டிப் புத்தகத்தை ஒரு பக்கம்கூடப் புரட்டியதில்லை. அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். அப்போது கற்றதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வண்டி ஏன் கொதிக்கிறது?

மலை ஏறும்போது வண்டி சின்ன கியரில் மெதுவாகப் போகிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று குறைவு. சூட்டை எடுத்துச் செல்லும் வேலை முழுதும் கூலண்ட் மேலேயே விழுகிறது. ரேடியேட்டர் மூடி சும்மா மூடி அல்ல. ஏறக்குறைய 0.9 கிலோ அழுத்தத்தை உள்ளே பிடித்து வைப்பதால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர்கூட 118 டிகிரி வரை தாங்கும். கூலண்டில் இருக்கும் கிளைக்கால் அதை இன்னும் உயர்த்துகிறது, துருவையும் தடுக்கிறது.

மாமா செய்தது என்ன? கூலண்ட் குறையும்போதெல்லாம் வீட்டு போர் தண்ணியை ஊற்றினார். நம் பக்கத்துப் போர் தண்ணியின் உப்பைச் சொல்லவும் வேண்டுமா? பாத்திரத்தில் படிகிற அதே வெள்ளைப் படிவு ரேடியேட்டர் குழாயிலும் படிந்து அடைத்துவிட்டது. எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் கண்ணில் படுவதும் இல்லை. சூடு மிஞ்சினால் அலுமினிய ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். சைலன்சரில் விடாத வெள்ளைப் புகை, டீ நிறத்தில் ஆயில், காரணமே தெரியாமல் குறையும் கூலண்ட்... இவையே அடையாளங்கள்.

கொதித்தால் ஓரம் கட்டி நிறுத்துங்கள். சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும்! பச்சைத் தண்ணீரை எஞ்சின் மேல் ஊற்றாதீர்கள்.

இறங்கும்போது இன்னொரு ஆபத்து

பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் எஞ்சினை அணைத்து விடுவோர் உண்டு. பிரேக் பூஸ்டர் வேலை செய்வது எஞ்சின் தரும் வாக்குவத்தால்தான். அணைத்துவிட்டு நாலு முறை மிதித்தால் பெடல் கல்லாகிவிடும். ஏறிய கியரிலேயே இறங்குவது என்ற பழைய டிரைவர்களின் வழக்கம் வெறும் பேச்சல்ல. எஞ்சினே பிரேக்காக நிற்கும், டிரம் சூடாகாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது. பழைய ஆயில் சூட்டில் ஆவியாகி, பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். எனவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

பாதி கிளட்ச்சிலேயே வளைவு ஏறினால் கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும். பின் சக்கர இழுவை என்பதால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் குறுக்கு ஜாயின்ட்டில் ‘டொக்’ சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். தள்ளு கதவின் ரோலரில் மண் சேராமல் துடைத்தாலே பாதித் தகராறு தீர்ந்தது.

வாரண்டி என்பது என்ன?

தயாரிப்பிலோ பொருளிலோ குறை இருந்தால் சரிசெய்து தருகிறேன் என்ற கம்பெனியின் எழுத்து மூலமான வாக்குறுதியே வாரண்டி. தேய்வதற்காகவே இருக்கும் கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, வைப்பர் போன்றவை பொதுவாக இதில் அடங்கா. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்தவரின் வாரண்டி தனி. ‘இத்தனை வருடம் அல்லது இத்தனை கிலோமீட்டர்’ என்றால் எது முதலில் வருகிறதோ அதோடு சரி. உதாரணத்துக்கு, மாருதி நிறுவனம் 2 வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர் என்று இருந்ததை 2024 ஜூலையில் 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் என்று உயர்த்தியது. தினமும் தாளவாடி போய்வரும் வண்டிக்கு வருடத்தைவிடக் கிலோமீட்டர்தான் முதலில் முடியும்!

சரி, வெளியில் ஆயில் மாற்றினால் வாரண்டி முழுதும் போய்விடுமா? 2014 ஆகஸ்ட் 25-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களும் பழுது கண்டறியும் கருவிகளும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. வெளியே வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது, அந்த வெளி வேலையின் கோளாறால் சேதம் வந்திருந்தால் மறுக்கலாம் என்று அந்த உத்தரவு கூறியது. நிறுவனங்கள் மேல்முறையீடு சென்றன. ஆகவே இதை மந்திரம் போல ஓதிக் காரியம் சாதிக்க முடியாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி எது என்பது இதில் இருக்கிறது: “நான் செய்ததுக்கும் இந்தப் பழுதுக்கும் என்ன சம்பந்தம்ங்க?”

நாங்கள் கேட்டது

மறுநாள் சண்டைக்குப் போகவில்லை. மூன்றே மூன்றுதான் கேட்டோம். எஸ்டிமேட்டை அயிட்டம் வாரியாக எழுதித் தாருங்கள். வாரண்டி மறுப்பதற்கான காரணத்தை எழுதித் தாருங்கள். கழற்றும் பழைய பாகங்களைத் திருப்பித் தாருங்கள்.

எழுத்து என்றதும் பேச்சின் சுருதி மாறியது! ஹெட்டுக்கும் ரேடியேட்டருக்கும் ‘கூலண்ட் உபயோகிக்கவில்லை, உப்புப் படிவு’ என்று எழுதினார்கள். அது உண்மை. தப்பு எங்களுடையது, ஒத்துக்கொண்டோம். ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம்? எழுத அவர்களிடம் காரணம் இல்லை. ஸ்டார்ட்டரை வாரண்டியில் மாற்றித் தந்தார்கள். ரேடியேட்டரைப் புதிதாகப் போடாமல் கழற்றிச் சுத்தம் செய்தாலே போதும் என்று ஆனது. கடைசி பில் 21,000 ரூபாய். அதுவும் கசப்புத்தான், ஆனால் நியாயமான கசப்பு.

இன்னும் இரண்டு விஷயம்

ஒன்று, ‘ரீகால்’. தயாரிப்பில் குறை தெரிந்தால் கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்யும். 2023 ஜூலையில் எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ வண்டிகள் 87,599 ஸ்டியரிங் டை ராடுக்காக அழைக்கப்பட்டன. அவை 2021 ஜூலை 5 முதல் 2023 பிப்ரவரி 15 வரை தயாரானவை. பழைய வண்டி வாங்குவோர் சேஸிஸ் நம்பரைச் சொல்லி இதைக் கேட்டுவிட வேண்டும். முதல் சொந்தக்காரருக்குப் போன தகவல் உங்களுக்கு வந்திருக்காது அல்லவா?

இரண்டு, சட்டம். 2020 ஜூலை முதல் அமலில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வண்டி வாங்கியவரும் நுகர்வோர்தான். கடை எங்கே இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ஈரோட்டிலேயே, வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம். எதற்கும் பில், ஜாப் கார்டு, சர்வீஸ் புத்தகம் கையில் வேண்டும். ஆதாரம் இல்லாத நியாயம் பஞ்சரான ஸ்டெப்னி மாதிரி, இருந்தும் உதவாது.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் இதே சர்வீஸ் சென்டர்களில் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறோம். அப்போது எதிரே ஒரு மாமா, தவணைக் கவலையோடு, பழுது என்னவென்றே புரியாமல் நிற்பார். அவருக்குப் புரியும்படி நாலு வார்த்தை சொல்வதும், காரணத்தை எழுதிக் கொடுப்பதும் நம் தொழிலில் சேர்ந்ததுதான்.

இப்போது மாமா வண்டியில் பண்ணாரி அம்மன் படத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கிறது. உள்ளே எல்லா பில்லும் தேதி வாரியாக. பின்னால் ஒரு கேன் கூலண்ட். “போர் தண்ணி இனி மாட்டுக்குத்தான் மாப்ள!” என்கிறார்.

– மூன்றாமாண்டு, ஆட்டோமொபைல்