சுமையில்லாத நியூட்ரானுக்கு ஒரு மாநாடு



அணு அமைப்புப் பாடத்தில் புரோட்டானுக்கு நேர்மின்சுமை, எலக்ட்ரானுக்கு எதிர்மின்சுமை, நியூட்ரானுக்கு எதுவுமில்லை என்று படித்தோம் அல்லவா? அன்று நான் எழுந்து, "டீச்சர், சுமையே இல்லாத நியூட்ரானால என்ன பிரயோஜனம்?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கலை. "நல்ல கேள்விதான். நீயே தேடிப் படிச்சு சுவர்ப் பத்திரிகையில எழுது"ன்னு சொல்லிட்டாங்க. சிரித்தவர்கள் கட்டாயம் படிக்கவும்!

தேடினால், நியூட்ரானுக்கென்றே ஒரு உலக மாநாடு இருக்கிறது. அதன் பெயர் நியூட்ரான் சிதறல் பன்னாட்டு மாநாடு. 2001-ல் ஜெர்மனியின் மியூனிக், 2005-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி, 2009-ல் அமெரிக்காவின் நாக்ஸ்வில், 2013-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ, 2017-ல் தென்கொரியாவின் டேஜான் என்று, கிரிக்கெட் உலகக் கோப்பை மாதிரி நாலு வருஷத்துக்கு ஒருமுறை நடந்திருக்கிறது. இயற்பியல்காரர்கள் மட்டுமில்லை, வேதியியல், உயிரியல், பொறியியல் படித்தவர்களும் வருகிறார்கள்.

சிதறல் என்றால் என்ன? குளத்தில் கல்லைப் போட்டால் அலை வட்டமாகப் போகும். நடுவில் கம்புகள் நட்டிருந்தால் அவற்றில் பட்டு அலை பல பக்கம் சிதறும். கம்பை நாம் பார்க்காவிட்டாலும், சிதறிய அலையைப் பார்த்தே கம்புகள் எவ்வளவு இடைவெளியில் நிற்கின்றன என்று கணக்குப் போடலாம். நியூட்ரான் ஒரு துகள்தான், ஆனால் அலை மாதிரியும் நடக்கும். அதைத் தண்ணீரிலோ கிராஃபைட்டிலோ செலுத்தி வேகத்தைக் குறைத்தால், அதன் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒன்றிரண்டு பங்கு ஆகிவிடும். திடப்பொருளில் அணுக்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! அதனால் பொருளில் பட்டுச் சிதறும் நியூட்ரான்களை எண்ணினால் உள்ளே அணுக்கள் நிற்கும் வரிசை தெரிந்துவிடும்.

"அதுக்குத்தான் எக்ஸ் கதிர் இருக்கே" என்று யாராவது கேட்கலாம். எக்ஸ் கதிர் எலக்ட்ரான்களில் பட்டுத்தான் சிதறும். ஹைட்ரஜனுக்கு இருப்பது ஒரே ஒரு எலக்ட்ரான். பெரிய அணுவின் பக்கத்தில் அது இருந்தால் டியூப்லைட் பக்கத்தில் மின்மினி இருப்பது மாதிரி, கண்ணுக்கே படாது. நியூட்ரானுக்குச் சுமை இல்லாததால் எலக்ட்ரான்களின் மின்சுமை அதைத் தடுப்பதில்லை. நேரே அணுக்கருவரைக்கும் போகும். அதற்கு ஹைட்ரஜனும் நன்றாகத் தெரியும். இரும்புத் துண்டுக்குள்ளும் ஆழமாக நுழைந்து பார்க்கும். என் கேள்விக்குப் பதில் இதுதான். சுமை இல்லாததே அதன் பலம்.

இதில் முன்னோடிகள் எர்னஸ்ட் வோலன், கிளிஃபர்ட் ஷல் என்ற இரண்டு அமெரிக்கர்கள். இரண்டாம் உலகப் போரில் அணுகுண்டுக்கான புளூட்டோனியம் தயாரிக்கும் வழியைச் சோதிக்க, 1943-ல் ஓக் ரிட்ஜ் என்ற இடத்தில் ஒரு கிராஃபைட் அணு உலை கட்டினார்கள். போர் முடிந்தபின் 1946-லிருந்து இவர்கள் இருவரும் அந்த உலையின் நியூட்ரான்களை எடுத்துப் படிகங்களை ஆராய்ந்தார்கள். பனிக்கட்டிக்குள் ஹைட்ரஜன் எங்கே இருக்கிறது என்பதை, கனநீர்ப் பனிக்கட்டியை வைத்து 1949-ல் காட்டினார்கள். குண்டுக்காகக் கட்டின உலையில் பனிக்கட்டியை ஆராய்ந்தது எனக்கு ரொம்பப் பிடிச்சது.

கனடாவில் பெர்ட்ரம் பிராக்ஹவுஸ் என்பவர், நியூட்ரான் போன வேகத்தையும் சிதறி வந்த வேகத்தையும் ஒப்பிட்டு, அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்று கண்டுபிடித்தார். அவரோடு சேர்ந்து ஜெர்மானியத்தை ஆராய்ந்தவர் நம் நாட்டு விஞ்ஞானி பி.கே. அய்யங்கார். பிறகு மும்பைக்குப் பக்கத்தில் டிராம்பேயில் இந்த ஆராய்ச்சியை வளர்த்தவரும் அவர்தான்.

நியூட்ரானைக் கண்டுபிடித்த சாட்விக்குக் கண்டுபிடித்த மூன்றாம் வருஷமே, 1935-ல், நோபல் பரிசு கிடைத்துவிட்டது. ஷல்லுக்கும் பிராக்ஹவுஸுக்கும் கிடைத்தது 1994-ல்தான். வோலன் 1984-லேயே இறந்துவிட்டார். இறந்தவருக்கு நோபல் கொடுக்க மாட்டார்கள். அவர் பங்கு பெற முடியாமல் போனதற்கு ஷல்லே வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். பத்து வருஷம் முன்னாடியே கொடுத்திருக்கக் கூடாதா?

சரி, மாநாடு எதற்கு? நியூட்ரானைப் பாட்டிலில் அடைத்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. அணுக்கருவை விட்டு வெளியே வந்தால் சராசரியாக 15 நிமிஷம்கூட இருக்காது, சிதைந்துவிடும். அதனால் விஞ்ஞானிகள்தான் தங்கள் மாதிரிப் பொருளைத் தூக்கிக்கொண்டு நியூட்ரான் கிடைக்கும் இடத்துக்குப் போக வேண்டும். நம்ம ஊரில் அணு உலை என்றாலே கரண்டுதான் ஞாபகம் வரும். ஆனால் இதற்கென்றே இருக்கிற ஆராய்ச்சி உலைகளில் கரண்டு எடுப்பதில்லை, நியூட்ரான்தான் விளைச்சல். உலகத்தில் அப்படிப்பட்ட இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் முறை வைத்துப் பயன்படுத்துகிறார்கள். யார் என்ன பார்த்தார்கள், புதுக் கருவி எங்கே வந்திருக்கிறது என்று கூடிப் பேசினால்தான் வேலை நடக்கும்.

மாநாடு நடந்த ஊர்களையே பாருங்கள். டேஜானில் ஹனாரோ உலை இருக்கிறது. சிட்னியில் மாநாடு முடிந்த அடுத்த வருஷம் அங்கே ஓபல் உலை ஓடத் தொடங்கியது. 2009-ல் மாநாடு நடந்த நாக்ஸ்வில்லுக்குப் பக்கத்து ஊர்தான், வோலனும் ஷல்லும் வேலை செய்த அதே ஓக் ரிட்ஜ்! பழைய கிராஃபைட் உலையை 1963-லேயே நிறுத்திவிட்டார்கள். 2006-லிருந்து அங்கே புது வழி. புரோட்டான்களை வேகமாக ஓடவிட்டுப் பாதரசத்தில் மோதுகிறார்கள். ஒரு புரோட்டான் மோதினால் 20-க்கும் மேல் நியூட்ரான்கள் தெறிக்கும்.

அந்தப் படத்தைக் கீழே வரைந்திருக்கிறேன். வெள்ளிக் கலர் பென்சில் இல்லாததால் பாதரசம் சாம்பல் நிறத்தில் இருக்கிறது.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி