அரசமரம் தொட்டியில் வளர்ந்தால் எப்போது கத்தரிப்பது?

ஜப்பானில் தொட்டிக்குள் குட்டி மரம் வளர்ப்பவர்கள், அதாவது போன்சாய்க் கலைஞர்கள், மேப்பிள் போன்ற இலையுதிர் மரங்களைக் கோடையின் தொடக்கத்தில் கத்தரிப்பார்கள். அங்கே அது ஜூன் மாதம். அதே ஜூனில் திருவனந்தபுரத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும்! கேரளத்துக் குழந்தைகள் புதுப் பையும் குடையுமாகப் பள்ளிக்குப் போகிற மாதம் அது. அப்படியானால் இந்த ஊர்ப் போன்சாயை எப்போது வெட்டுவது? மரத்தையே கேட்டுப் பார்ப்போம், வாருங்கள்.

முதலில் ஒரு சந்தேகம். டோக்கியோவில் கோடையில் பகல் பதினான்கரை மணி நேரம் நீளும், குளிர்காலத்தில் பத்து மணி நேரத்துக்கும் குறைந்துவிடும். பகல் சுருங்கி, குளிர் வந்ததும் அங்கே மரங்கள் இலையை உதிர்க்கின்றன. திருவனந்தபுரமோ பூமத்திய ரேகைக்கு எட்டரை டிகிரி வடக்கே இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். பனி உறையும் குளிரும் கிடையாது. பிறகு ஏன் அரசும் இலவும் கொன்றையும் இலை உதிர்க்கின்றன?

காரணம் வறட்சி. ஜனவரி, பிப்ரவரியில் மழை மிகக் குறைவு. இலைகள் வழியே நீராவி வெளியேறிக்கொண்டே இருந்தால் மரம் வாடிவிடும். அதனால் இலையில் உள்ள நைட்ரஜன் போன்ற சத்துக்களை முதலில் தண்டுக்குள் இழுத்துக்கொள்கிறது. பிறகு காம்பின் அடியில் மெல்லிய செல் அடுக்கு ஒன்று பிரிந்து, இலை விழுகிறது.

தொட்டி அரசு இப்படி மொட்டையாக நிற்கும் நாட்கள்தான் அதன் உருவத்தை மாற்ற நல்ல சமயம். எந்தக் கிளை எங்கே போகிறது என்பது அப்போது பளிச்சென்று தெரியும். வேண்டாத கிளையை நீக்கலாம். வேண்டிய கிளையில் அலுமினியக் கம்பியைச் சுற்றி மெதுவாக வளைக்கலாம். வளைத்த கிளை சில மாதங்களில் அப்படியே நிலைத்துவிடும், ஏனென்றால் பட்டைக்கு உள்ளே இருக்கும் கேம்பியம் என்ற அடுக்கு, வளைந்த நிலையிலேயே புது மரத்திசுவைச் சேர்த்துக்கொண்டு வருகிறது. கிளை பருத்துக் கம்பி உள்ளே அழுந்துவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். தழும்பு பல வருடம் மறையாது.

பிறகு செம்பு நிறத்தில் தளிர் வரும். பார்க்க அத்தனை அழகு! இப்போது கத்தரிக்காதீர்கள். அந்தத் தளிர்கள் வேரிலும் தண்டிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்தைச் செலவழித்து வந்தவை. பத்தாயத்து நெல்லை எடுத்து விதைத்தது போல. இலை தடித்துக் கரும்பச்சை ஆன பிறகுதான் தான் செலவழித்ததை விட அதிகமாக உணவு தயாரித்து, மரத்துக்குத் திருப்பித் தருகிறது. ஆகவே மாதத்தைப் பார்க்க வேண்டாம், இலையின் நிறத்தைப் பாருங்கள். தளிர் மார்ச்சில் வந்தால், பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் அந்த நிறம் வந்துவிடும். அதுதான் நம் ஊர்க் கோடைக் கத்தரிப்பு.

இப்போது நுனியை வெட்டினால் என்ன நடக்கும்? வளரும் நுனி ஆக்சின் என்ற ஹார்மோனைத் தயாரித்துக் கீழே அனுப்பும். அது பக்க மொட்டுகளை உறங்க வைக்கும். 1930களில் திமன், ஸ்கூக் என்ற இரு விஞ்ஞானிகள் அவரைச் செடியின் நுனியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். பக்க மொட்டுகள் எழவே இல்லை! ஆக்சின் இல்லாவிட்டால் எழுந்துகொள்ளும். நுனியிலிருந்த ஒரு கிளை இரண்டாக, மூன்றாகப் பிரியும். இருக்கும் உணவைப் பல தளிர்கள் பங்கிட்டுக்கொள்வதால் இலைகளும் சிறுக்கும். அடுத்து ஜூன் மழை வந்து, அந்தத் தளிர்களை நன்றாக வளர்த்துவிடும்.

ஒன்று மறக்க வேண்டாம். தொட்டி அரசு வேறு இன மரமல்ல. அதைத் தரையில் நட்டால் கோயில் வாசல் அரசமரம் போலவே பெரிதாகும்.

போன்சாய் வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம். பறவைகள் போட்ட விதையிலிருந்து சுவர் விரிசலில் முளைத்த அரசங்கன்று போதும். சுவருக்கும் நல்லது. பெரியவர்கள் உதவியுடன் அதைத் தொட்டியில் நட்டு, அது நன்றாக வேர்பிடித்த பிறகு இரு கிளைகளில் ஒன்றின் நுனியை மட்டும் வெட்டுங்கள். வெள்ளைப் பால் வடியும். அது கண்ணில் படக் கூடாது, கையைக் கழுவிவிடுங்கள். வெட்டிய கிளையில் எத்தனை மொட்டுகள் எழுந்தன, வெட்டாததில் எத்தனை என்று தேதி போட்டு நோட்டில் எழுதிவையுங்கள்.