வேளாண் கழிவுகளால் கன உலோக நீக்கம்

வேளாண் கழிவுகளால் கன உலோக நீக்கம் என்பது உமி, தென்னை நார்க்கழிவு, கரும்புச் சக்கை, நிலக்கடலைத் தோடு, மரத்தூள் போன்றவற்றைக் கொண்டு, நீரில் கரைந்துள்ள ஈயம், காட்மியம், குரோமியம், நிக்கல் முதலிய உலோகங்களைப் பிரிக்கும் முறையாகும். இவ்வுலோகங்களை நுண்ணுயிர்களால் சிதைக்க இயலாது. ஈயமும் காட்மியமும் உடலில் சிறிது சிறிதாகச் சேர்பவை. இந்தியக் குடிநீர்த் தரம் (ஐ.எசு. 10500, 2012) ஒரு லிட்டர் நீரில் ஈயம் 0.01 மில்லிகிராமையும், காட்மியம் 0.003 மில்லிகிராமையும் மிஞ்சலாகாது என வரையறுக்கிறது.

சுண்ணாம்பு சேர்த்து உலோகத்தை வீழ்படிவாக்குவது வழக்கமான முறை. ஆனால் அதன் பின்னும் நீரில் சிறிதளவு உலோகம் எஞ்சும். அதை நீக்கும் அயனிப் பரிமாற்றப் பிசின்களும் கிளர்வூட்டிய கரியும் விலை மிக்கவை. மலிவான வேளாண் கழிவுகள் ஆராயப்படுவது இதனாலேயே.

செயல்படும் விதம்

தாவரப் பொருட்களிலுள்ள செல்லுலோசு, எமிசெல்லுலோசு, லிக்னின் ஆகியவற்றில் ஐதராக்சில், கார்பாக்சில் போன்ற வேதித் தொகுதிகள் உள்ளன. இவை தம்மிடமுள்ள ஐதரசன், கால்சியம் அயனிகளை விட்டு உலோக அயனிகளைப் பற்றிக்கொள்கின்றன. இந்நிகழ்வு பரப்புக் கவர்தல் எனப்படும். பஞ்சு நீரை உறிஞ்சுவது போன்றதன்று இது. பெரும்பாலும் மேற்பரப்பில் நடக்கும் இடமாற்றமே. எரிகாரக் கரைசலிலோ சிட்ரிக் அமிலத்திலோ பதப்படுத்தினால் பற்றும் திறன் கூடும். பதப்படுத்தாத கழிவு தன் நிறத்தையும் கரிமப் பொருட்களையும் நீரில் கசியவிடும். ஆகவே உமியைக் குடிநீர்ப் பானையில் இட்டால் நீர் தூய்மையாகும் எனக் கருதுவது தவறு.

அமில-கார அளவும் குரோமியமும்

நீரின் அமிலத்தன்மை மிகுந்தால் ஐதரசன் அயனிகள் போட்டியிடுவதால் ஈயமும் காட்மியமும் குறைவாகவே பற்றப்படும். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் இதற்கு நேர்மாறானது. இராணிப்பேட்டையில் முன்னர் இயங்கிய குரோமேட் உப்பு ஆலையொன்றின் கழிவுக் குவியலிலிருந்து நிலத்தடி நீரில் கசிந்தது இவ்வகையே. இது எதிர்மின் அயனியாக இருப்பதால், பி.எச். மதிப்பு 2-ஐ ஒட்டிய கடும் அமில நிலையில் நன்கு பற்றப்படுகிறது. அப்போது அதன் ஒரு பகுதி, நச்சுத்தன்மை குறைந்த மூன்று இணைதிறன் குரோமியமாகக் குறைக்கப்பட்டு நீரிலேயே தங்கிவிடும். எனவே முதல் வகையை மட்டும் அளந்து 'முழுதும் நீங்கியது' என்று முடிவு செய்யலாகாது. மொத்தக் குரோமியத்தையும் அளக்க வேண்டும்.

குறைபாடுகள்

ஒரு கிராம் கழிவு 20 மில்லிகிராம் ஈயத்தைப் பற்றும் எனக் கொள்வோம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஈயமுள்ள 1000 லிட்டர் நீருக்கு 50 கிராம் போதும் எனக் கணக்கு காட்டும். நடைமுறையில் அது போதாது. அத்தகைய உச்ச அளவு செறிவு மிகுந்த கரைசலில் பெறப்படுவது. செறிவு குறையக் குறையப் பற்றும் அளவும் குறையும். தவிர, ஆய்வகங்களில் பெரும்பாலும் வாலைவடிநீரில் ஒரே உலோகத்தைக் கரைத்துச் சோதிக்கின்றனர். ஆலைக் கழிவுநீரிலோ கால்சியம் முதலிய பிற அயனிகளும் இடம்பிடிக்கும்.

உலோகம் இம்முறையில் அழிவதில்லை. நீரிலிருந்து கழிவுக்கு மாறுகிறது. நீர்த்த அமிலத்தால் கழுவி அதை மீட்டு, கழிவைச் சில முறை மீண்டும் பயன்படுத்தலாம். அதன் பின் எரித்தால் காட்மியம் புகையோடு வெளியேறக்கூடும். எஞ்சியவை சாம்பலில் செறியும். வழக்கமாகத் தென்னை நார்க்கழிவு மட்கி உரமாகிறது. உலோகம் ஏறியதை அவ்வாறு வயலில் இட இயலாது. அது தீங்குறு கழிவாகவே கையாளப்பட வேண்டும்.