தூணில் மிஞ்சிய கைகள்

இத்தாலிக்குப் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ் மூன்றையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பயணத்தில் ஒரு நாளை ஒதுக்கி, யாரையும் கூட்டிக்கொள்ளாமல் ரவென்னாவுக்குப் போய்வாருங்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். போலோனாவிலிருந்து உள்ளூர் ரயிலில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். காகிதப் பயணச்சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன்பு நிலையத்திலுள்ள சிறிய இயந்திரத்தில் அதற்கு முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். மறந்தால் அபராதம். ரவென்னாவில் இறங்கிய பிறகு ஊருக்குள் வண்டி எதுவும் தேவையில்லை. ஊரின் முக்கியமான இடங்கள் எல்லாம் நடந்தே போகிற தூரத்தில் இருக்கின்றன.

தனியாகப் போகச் சொல்வது மொசைக்குக்காக. நம் வீட்டுத் தரைகளில் போட்ட கல்துகள் மொசைக் அல்ல இது. நகத்தளவு கண்ணாடித் துண்டுகளையும் கல் துண்டுகளையும் ஈரச் சுண்ணாம்பில் ஒவ்வொன்றாக அழுத்தி, சுவர்களையும் கூரை வளைவுகளையும் படங்களால் நிரப்பியிருக்கிறார்கள். பொன் நிறத் துண்டுகளுக்குள் உண்மையான பொன் இதழ் இருக்கிறது. கண்ணாடியின் மேல் பொன் இதழை வைத்து, அதன்மேல் மெல்லிய கண்ணாடியை மூடிச் சுட்டது. துண்டுகள் ஒரே மட்டத்தில் பதிந்திருப்பதில்லை, ஒன்றுக்கொன்று சற்றே சாய்ந்திருக்கும். அதனால் நாம் ஓரடி நகர்ந்தாலும் வெளிச்சம் சுவரில் இடம் மாறுகிறது. ஒரே படத்தை மூன்று இடங்களில் நின்று பார்க்க வேண்டும், மேகம் விலகும்வரை காத்திருக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் பொறுமையோடு காத்திருக்கிறார் என்ற நினைப்பு வந்துவிட்டால் அப்படிப் பார்க்க முடியாது.

கி.பி. 402இல் பேரரசர் ஒனோரியஸ் மேற்கு ரோமப் பேரரசின் தலைநகரை மிலானிலிருந்து இங்கே மாற்றினார். சுற்றிலும் சதுப்பு நிலம், படைகள் முற்றுகையிடுவது கடினம். பக்கத்திலேயே கிளாஸ்ஸே என்ற கடற்படைத் துறைமுகமும் இருந்தது. 476இல் மேற்குப் பேரரசு விழுந்தது. 493இல் கோத் மன்னர் தெயோதோரிக் ஊரைப் பிடித்தார். 540இல் கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளின் படை வந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்குள் இத்தனை கைகள் மாறியும், வந்தவர்கள் எல்லோரும் மொசைக் செய்தார்கள் என்பதுதான் இந்த ஊரின் பேறு.

முதலில் கால்லா பிளாசிதியாவின் நினைவிடத்துக்குப் போகலாம். வெளியே சாதாரணச் செங்கல் கட்டடம், சிலுவை வடிவில், தாழ்வாக. அந்தப் பெண்மணி ஒனோரியஸின் மாற்றாந்தாய்த் தங்கை. 410இல் கோத்துகள் ரோமைச் சூறையாடியபோது அவர்களிடம் பிணையாகச் சிக்கினார். 414இல் அவர்களுடைய மன்னரையே மணந்தார். மறு ஆண்டே கணவர் கொல்லப்பட்டார். திரும்பி வந்தவரை, அண்ணன் தன் தளபதிக்கு அவர் விருப்பத்துக்கு மாறாக மணமுடித்துக் கொடுத்தார். பிற்பாடு ஆறு வயது மகன் பேரரசனானபோது, அவனுக்காக ஆட்சியை நடத்தியவர் இவர்தான். 450இல் ரோமில் இறந்தார். அவர் உடல் இங்கே இல்லை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. உள்ளே போனால் கூரை முழுக்கக் கருநீலம், அதில் பொன் விண்மீன்கள். சன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய அலபாஸ்டர் கல் பலகைகள். தேன் நிறத்தில் கசிகிற வெளிச்சம் கண்ணுக்குப் பழகப் பழகத்தான் நீலம் ஆழமாகிறது. கூட்டமுள்ள காலத்தில் முன்பதிவு செய்து ஐந்து நிமிடம்தான் உள்ளே நிற்கலாம். அந்த ஐந்து நிமிடத்தில் கைபேசியை வெளியே எடுக்காதீர்கள்.

அதே வளாகத்தில்தான் சான் விட்டாலே ஆலயம். எண்கோண வடிவம், 547இல் அர்ப்பணிக்கப்பட்டது. கட்டப் பணம் கொடுத்தவர் ஜூலியானுஸ் என்ற வட்டிக்கடைக்காரர், 26,000 பொற்காசுகள். பலிபீடத்தின் ஒரு பக்கம் கான்ஸ்டாண்டிநோபிளின் பேரரசர் ஜஸ்டினியனும் பரிவாரமும், எதிர்ப்பக்கம் அரசி தியோடோராவும் தோழியரும். இருவருமே இந்த ஊருக்கு ஒரு முறைகூட வந்ததில்லை. தியோடோரா கரடி பழக்குபவரின் மகள், மேடையில் ஆடிப் பிழைத்தவர். கையில் பொற்கிண்ணம், தோளில் முத்துச் சரங்கள், அங்கியின் கீழ் ஓரத்தில் காணிக்கை கொண்டுபோகும் மூன்று ஞானிகள். ஆலயம் அர்ப்பணிக்கப்பட்ட மறு ஆண்டே அவர் இறந்துபோனார். பேரரசரின் முகத்தைவிட அவர் முகத்தின் முன்தான் அதிக நேரம் நின்றேன்.

மதியத்துக்கு பியாதினா. கோதுமை மாவில் தட்டிய மெல்லிய ரொட்டியைச் சூடாக மடித்து, உள்ளே ஸ்குவாக்குவெரோனே என்ற இளகிய பாலாடைக்கட்டியும் ருகோலாக் கீரையும் வைத்துத் தருகிறார்கள். மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது ஊர் வழக்கம். சைவ உணவுக்காரர்கள் ஆலிவ் எண்ணெயில் செய்ததா என்று கேட்டு வாங்க வேண்டும்.

பிற்பகலில் சாந்தப்பொல்லினாரே நுவோவோ. இந்த ஊரில் என்னை அதிகம் உலுக்கிய இடம் இதுதான். தெயோதோரிக் தன் அரண்மனையை ஒட்டிக் கட்டிய ஆலயம். அவர் ஆரியஸ் என்ற குருவின் வழியைப் பின்பற்றியவர். கிறிஸ்து தந்தையாகிய கடவுளுக்குச் சமமானவர் அல்லர் என்பது அந்தக் கொள்கை. வலப்புறச் சுவரில் அவருடைய அரண்மனை மொசைக்காக இருக்கிறது. வெண்தூண்களுக்கு நடுவே மன்னரும் அவருடைய ஆட்களும் நின்றிருந்தார்கள். ஊர் கான்ஸ்டாண்டிநோபிளின் கைக்குப் போனதும், பேராயர் அக்னெல்லுஸின் காலத்தில் அந்த உருவங்களைப் பெயர்த்தெடுத்து, அந்த இடங்களில் முடிச்சிட்ட வெள்ளைத் திரைச்சீலைகளைப் பதித்துவிட்டார்கள். சுவர் ஓரம் நின்று தூண்களை மட்டும் பாருங்கள். ஒரு தூணின்மேல் ஒரு கை, தள்ளி இன்னொரு தூணின்மேல் இன்னொரு கை. ஆளை எடுத்தவர்கள், தூணின்மேல் நீண்டிருந்த விரல்களை எடுக்கவில்லை. எடுத்தால் தூணையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும், வேலை மிச்சம் என்று விட்டிருக்கலாம். அரண்மனையிலிருந்து புறப்பட்டு 26 ஆண் புனிதர்களும், எதிர்ச்சுவரில் 22 கன்னியரும் வரிசையாக நடக்கிறார்கள். அவை புதிய ஆட்சி வைத்தவை, மிக அழகானவையும்கூட. ஆனால் அந்தக் கைகளைப் பார்த்தபின் வரிசையில் கண் நிற்க மறுக்கிறது. யாருடைய கைகள்? பெயரில்லை, முகமில்லை. அவர்கள் அங்கே நின்றார்கள் என்பதற்கு ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக அந்த விரல்களே சாட்சி.

தாந்தேயின் கல்லறை அங்கிருந்து சில தெருக்கள் தள்ளி. ஃப்ளோரன்ஸ் நாடு கடத்திய கவிஞர் 1321இல் இங்கேதான் இறந்தார். 1519இல் போப்பின் அனுமதியோடு ஃப்ளோரன்ஸ்காரர்கள் எலும்புகளை எடுத்துப்போக வந்தபோது கல்லறை காலி. பிரான்சிஸ்கன் துறவிகள் சுவரைத் துளைத்து முன்பே எடுத்து ஒளித்திருந்தார்கள். 1865இல்தான் எலும்புகள் இருந்த பெட்டி அகப்பட்டது. தேம்பாவணி எழுதிய நம் வீரமாமுனிவர், 1698இல் இயேசு சபையில் சேர்ந்த பின் பயிற்சி பெற்ற ஊர்களில் ரவென்னாவும் ஒன்று. அவர் இங்கிருந்த நாட்களில் அந்தக் கல்லறை வெறுமையாகத்தான் இருந்தது. இன்று அதனுள் எரியும் விளக்குக்கு ஆண்டுதோறும் எண்ணெய் கொண்டுவந்து கொடுப்பது ஃப்ளோரன்ஸ் நகரம்.

கடைசியாக கிளாஸ்ஸே. ரயிலில் அடுத்த நிறுத்தம், பேருந்தும் உண்டு. துறைமுகம் வண்டல் படிந்து தூர்ந்து, கடல் விலகிப்போய்விட்டது. வயல்களுக்கு நடுவே 549இல் அர்ப்பணிக்கப்பட்ட ஆலயம் மட்டும் நிற்கிறது. பீடத்தின் பின்வளைவு முழுக்கப் பச்சை. புல்வெளி, மரங்கள், பறவைகள், நடுவே கைகளை விரித்து வேண்டுகிற புனித அப்பொல்லினாரிஸ், இருபுறமும் ஆடுகள். இடப்பக்கச் சுவரில் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்துச் செய்த பேரரசர் படம் ஒன்றும் உண்டு. சான் விட்டாலேயைப் பார்த்துச் செய்தது, அந்தக் கைத்திறன் அதில் இல்லை. அதைச் சீக்கிரம் பார்த்துவிட்டு வளைவுக்குத் திரும்பிவிடுங்கள். ஊரின் மறுபக்கம் தெயோதோரிக்கின் கல்லறை இருக்கிறது. அதன் கூரை சுமார் 10 மீட்டர் விட்டமுள்ள ஒற்றைக்கல், அதுவும் பார்க்கத் தக்கதுதான். ஒரு நாளில் இரண்டும் முடியாது என்றால், கல்லறையை விட்டுவிட்டு மீதி நேரம் முழுவதையும் இந்தப் பச்சைக்குக் கொடுங்கள்.