அப்டேட் கேக்கு... அமுக்கட்டுமா, விடட்டுமா?

“எய்யா, செல்லுல அப்டேட்டுன்னு என்னமோ கேக்கு. அமுக்கட்டுமா?”

“அதத் தொடாதீங்க ஆச்சி. பொங்கலுக்கு வரும்போது நான் பாத்துக்கிடுதேன்.”

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று தாமிரபரணிக் கரையோர வீடுகளில் இந்தப் பேச்சு புதிதல்ல. பேரன் துபாயிலோ சென்னையிலோ இருப்பான். ஆச்சியோ தினமும் வரும் அந்த அறிவிப்பை ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பார். பொங்கலுக்கு வந்த பேரன், போனை மறந்து, அல்வாவை மறக்காமல் வாங்கிக்கொண்டு ரயில் ஏறிவிடுவான்.

ஆச்சி மட்டுமல்ல, விவரம் தெரிந்தவர்களும் இந்த இடத்தில் கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறார்கள். “நல்லா ஓடுத போனை எதுக்கு அண்ணாச்சி நோண்டணும்?” என்பது ஒரு கட்சி. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதையை இவர்கள் சாட்சிக்கு அழைப்பார்கள். “அப்டேட் போடலன்னா பேங்க் ஆப்பே ஒருநாள் திறக்காது” என்பது இன்னொரு கட்சி. பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். 2025-ல் ஆண்ட்ராய்டு 16, ஐஓஎஸ் 26 என இரண்டு பெரிய இயங்குதளங்களும் அடுத்தடுத்து வந்த பிறகு, இந்த வாக்குவாதம் வீட்டுக்கு வீடு சூடு பிடித்திருக்கிறது.

முதல் கட்சியின் பயத்தை ‘விவரம் தெரியாதவர்களின் பேச்சு’ என்று தள்ளிவிட முடியாது. அதற்கு ஆதாரம் இருக்கிறது.

2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது. பேட்டரி பழசான ஐபோன் 6, 6எஸ் போன்ற மாடல்களின் வேகத்தை, அந்த ஆண்டுத் தொடக்கத்தில் வந்த ஒரு அப்டேட் வழியாகத் தானே குறைத்ததாகச் சொன்னது. பேட்டரி திடீரென்று அணைந்துவிடாமல் காக்கத்தான் அப்படிச் செய்தோம் என்பது அதன் விளக்கம். விளக்கத்தில் தொழில்நுட்ப நியாயம் உண்டு. ஆனால், வாங்கியவரிடம் சொல்லவில்லையே! 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தும் கோபம் அடங்கவில்லை. அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கை முடிக்க, 2020-ல் 50 கோடி டாலர் வரை தர அந்த நிறுவனம் சம்மதித்தது. இத்தாலியின் போட்டி ஆணையம் 2018-ல் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ, சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ அபராதம் போட்டது. நோட் 7 மாடலுக்காகத் தயாரான மென்பொருளை, அதைவிடப் பழைய நோட் 4-ல் போடச் சொல்லி வற்புறுத்தியது சாம்சங் மீதான புகார்.

‘அதெல்லாம் வெளிநாட்டுக் கதை’ என்று நினைக்க வேண்டாம். 2025 ஜனவரியில், ஐஓஎஸ் 18 அப்டேட்டுக்குப் பிறகு ஐபோன் சரியாக வேலை செய்யவில்லை என்று தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் புகார்கள் வந்தன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதே மாதம் கூகுள், தன் பழைய பிக்சல் 4ஏ போன்களுக்கு பேட்டரி செயல்திறன் என்ற பெயரில் ஒரு அப்டேட் அனுப்பியது. பல போன்களில் சார்ஜ் நிற்கும் நேரம் சட்டென்று குறைந்துபோனது.

இந்திய வாடிக்கையாளர்களை அதிகம் புலம்ப வைத்தது பச்சைக்கோடு. அப்டேட் முடிந்து போன் மறுபடி உயிர் பெறும்போது திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. திரையின் கோளாறுதான், அப்டேட் காரணமில்லை என்று நிறுவனங்கள் சொல்கின்றன. அப்டேட்டின்போது போன் சூடாகும், ஏற்கெனவே பலவீனமான திரை அப்போது கைவிட்டுவிடும் என்பது பழுது பார்ப்பவர்கள் பலரின் கணிப்பு. எது எப்படியோ, ஒன்பிளஸ் போன்ற நிறுவனங்கள் குறிப்பிட்ட மாடல்களுக்கு இந்தியாவில் இலவசமாகத் திரை மாற்றித் தந்தன. உங்கள் போனில் இந்தக் கோடு விழுந்தால், தனியார் கடையில் ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

சரி, அப்படியென்றால் அப்டேட்டே வேண்டாமா?

இங்கேதான் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. ‘அப்டேட்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, வீட்டுப் பூட்டை மாற்றுவது. இன்னொன்று, வீட்டையே இடித்துக் கட்டுவது. மாதம்தோறும், அல்லது இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வரும் பாதுகாப்பு அப்டேட் முதல் வகை. அளவில் சிறியது, திருடன் நுழையக்கூடிய ஓட்டைகளை அடைப்பதுதான் அதன் முக்கிய வேலை. ஆண்ட்ராய்டு 15-லிருந்து 16-க்குப் போவது இரண்டாவது வகை. மேலே சொன்ன தலைவலிகளில் பல இந்த இரண்டாவது வகையால் வந்தவை.

பாதுகாப்பு அப்டேட் மாதந்தோறும் வரத் தொடங்கிய கதையும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். 2015 ஜூலையில் ‘ஸ்டேஜ்ஃப்ரைட்’ என்ற ஓட்டை வெளியுலகுக்குத் தெரியவந்தது. ஒரு எம்எம்எஸ் அனுப்பினால் போதும், திறந்துகூடப் பார்க்காமலே சில ஆண்ட்ராய்டு போன்களைக் கைப்பற்றிவிடலாம். உலகமே பதறியது. அடுத்த மாதமே கூகுள் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டைத் தொடங்கிவிட்டது.

நம் ஊர்க் கணக்கில் இதை யோசித்துப் பாருங்கள். முக்கூடலில் பீடி சுற்றும் அக்காவின் கூலியும், வாழை போட்ட விவசாயியின் மானியமும், ஆச்சியின் பென்ஷனும் பேங்கில் விழுகின்றன. அந்தப் பேங்க்கின் சாவி போனுக்குள் இருக்கிறது. ஓடிபி வருவதும் அதே போன்தான். ‘டிராஃபிக் அபராதம்’, ‘கல்யாணப் பத்திரிகை’, ‘பிஎம் கிசான் பணம்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல்கள் குறிவைப்பது அந்த ஓடிபியைத்தான். தொட்டு இன்ஸ்டால் செய்து, கேட்ட அனுமதியையெல்லாம் கொடுத்தால், குறுஞ்செய்திகளை அது படிக்க ஆரம்பித்துவிடும். இப்படி வெளியிலிருந்து வரும் ஆப்கள் அறிவிப்புகளைப் படிப்பதற்கும் திரையைக் கட்டுப்படுத்துவதற்கும் ஆண்ட்ராய்டு 13-லிருந்து கூடுதல் தடை வைத்திருக்கிறார்கள். பழைய ஆண்ட்ராய்டில் அந்தத் தடை இல்லை. ஆச்சியின் போனில் எது இருக்கிறது?

செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பகுதிக்குப் போனால் ஆண்ட்ராய்டு எத்தனையாவது பதிப்பு என்று தெரியும். பக்கத்திலேயே பாதுகாப்பு அப்டேட்டின் தேதியும் இருக்கும். பதிப்பு எண்ணைவிட இந்தத் தேதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது ஒரு வருடத்துக்கு மேல் பழசாக இருந்து, புதிய அப்டேட்டும் எதுவும் வராவிட்டால், அந்த போனில் பாட்டு கேட்கலாம், யூடியூப் பார்க்கலாம். பேங்க் ஆப்பை மட்டும் வேறு போனுக்கு மாற்றிவிடுவது நல்லது. ஆண்ட்ராய்டு 12-ம் அதற்கு முந்தைய பதிப்புகளும் கூகுளின் மாதாந்திரப் பாதுகாப்புப் பட்டியலில் இப்போது இல்லை. வாட்ஸ்அப்பும் பழசை வரிசையாகக் கழற்றி விடுகிறது. 2025 மே முதல் ஐஓஎஸ் 15.1-க்குக் கீழே உள்ள ஐபோன்களில் அது ஓடாது. ஐபோன் 6 எல்லாம் அதோடு வெளியே.

பெரிய அப்டேட்டால் கிடைத்த லாபங்களும் இருக்கின்றன. 2022 அக்டோபர் 1-ம் தேதி இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது, 5ஜி போனைக் கையில் வைத்திருந்த பலருக்கும் 5ஜி வரவில்லை. மென்பொருள் தயாராகவில்லை. ஐபோன்காரர்கள் டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வரும் வரை காத்திருந்தார்கள்.

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ்ச் செய்தி வந்தால் பெட்டி பெட்டியாகத் தெரிந்தது இன்னும் பலருக்கு நினைவிருக்கும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நின்ற காலமும் உண்டு. எழுத்துருவும் எழுத்தைச் சேர்த்துக் காட்டும் வேலையும் இயங்குதளத்துக்குள் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. நம் தாத்தாக்கள் கணக்கு எழுதிய முந்திரி, மாகாணி, அரைக்கால் போன்ற பின்னக் குறிகள் 2019-ல் யூனிகோடில் சேர்க்கப்பட்டுவிட்டன. அவற்றுக்கான எழுத்துரு இல்லாத போனில், இன்றும் அதே பெட்டிதான் தெரியும்.

இன்னொரு கேள்வி, ஒரே நாளில் வாங்கிய இரண்டு போன்களில் ஒன்றுக்கு மட்டும் ஏன் அப்டேட் வருகிறது? கூகுள் புதிய ஆண்ட்ராய்டை வெளியிட்டால் அது நேராக உங்கள் கைக்கு வருவதில்லை. சிப் தயாரிப்பவர் அதற்கேற்ற மென்பொருளைத் தர வேண்டும். பிறகு போன் நிறுவனம் தன் ஒப்பனைகளைச் சேர்த்துச் சோதிக்க வேண்டும். நடுவில் ஒருவர் கைவிட்டாலும் கதை முடிந்தது. கூகுள் 2023-ல் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024-ல் எஸ்24-க்கும் 7 ஆண்டு அப்டேட் தருவதாக அறிவித்தன. இவை விலை கூடிய போன்கள். ஆனால், சாம்சங் ஏ16 5ஜி போன்ற நடுத்தர மாடலுக்கே 6 ஆண்டு வாக்குறுதி வந்துவிட்டது. அடுத்த முறை வண்ணார்பேட்டையிலோ டவுனிலோ புது போன் வாங்கப் போனால், கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன் ‘எத்தனை வருஷம் அப்டேட் வரும்?’ என்று கேளுங்கள்.

ஆக, பாதுகாப்பு அப்டேட் வந்தால் அன்றிரவே போட்டுவிடலாம். பெரிய அப்டேட்டுக்கு இரண்டு மூன்று வாரம் பொறுப்பதில் நஷ்டமில்லை. அதே மாடல் வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது அதற்குள் தெரிந்துவிடும். போட்ட பிறகு ‘பழையதே தேவலை’ என்று திரும்புவது சாதாரண ஆட்களுக்கு ஆகிற காரியமில்லை. பெரும்பாலான போன்களில் அந்தக் கதவே அடைபட்டிருக்கும். நாலு வருஷப் பழசு, இடமும் நிரம்பி வழிகிறது என்றால், கடைசியாக வரும் பெரிய அப்டேட்டைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம்.

போடுவதற்கு முன் பேத்தியின் காதுகுத்துப் படங்களை வேறு இடத்தில் சேமித்துவிடுங்கள். வாட்ஸ்அப் பேக்கப் இப்போது கூகுளின் இலவச 15 ஜிபி கணக்கில் சேர்ந்துவிடுகிறது என்பதால், இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெரிய அப்டேட் சில ஜிபி இழுக்கும். நாளைக்கு 1.5 ஜிபி ரீசார்ஜில் அது ஆகாது. வைஃபை இருக்கும் வீட்டில் வைத்துப் போடுங்கள். போட்ட முதல் இரண்டு நாள் போன் சூடாகும், சார்ஜ் சீக்கிரம் தீரும். உள்ளே வேலை நடக்கிறது. உடனே சர்வீஸ் கடைக்கு ஓட வேண்டாம். ஒன்று மட்டும் உறுதி. போனின் இயங்குதள அப்டேட் செட்டிங்ஸுக்குள்தான் வரும். வாட்ஸ்அப் லிங்க்கிலோ போன் காலிலோ வராது. அப்படி ஏமாந்து பணம் போய்விட்டால், தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும்.

இந்தப் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் செட்டிங்ஸில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த பேய்மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன் பேருந்து நிலையத்துக்குள் புகுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு செந்தூர் எக்ஸ்பிரஸ் சிக்கிக்கொண்டது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், அக்டோபரில், தமிழ்நாட்டில் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் அலாரம் போல அலறியதே, நினைவிருக்கிறதா? பேரிடர் எச்சரிக்கையை செல் டவர் வழியாக அந்தப் பகுதியில் உள்ள எல்லா போன்களுக்கும் அனுப்பும் முறையின் சோதனை அது. இதற்கு இன்டர்நெட் தேவையில்லை, எண் பதிவு தேவையில்லை. ஆனால், போனின் இயங்குதளம் அதை ஏற்க வேண்டும். செட்டிங்ஸில் ‘வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்ஸ்’ திறந்திருக்க வேண்டும். அன்றைய சத்தத்துக்குப் பயந்து பலர் அதை அணைத்துவைத்தார்கள். பாபநாசம் அணை 143 அடியை நெருங்கும் மாதங்களுக்கு முன்னால், ஆச்சியின் போனில் அது திறந்திருக்கிறதா என்று பேரன் ஒரு வீடியோ காலில் பார்த்துச் சொல்லிவிடலாம். இரண்டு நிமிட வேலை.