வென்ட்வேர்த்வில்: ஊருக்குப் பெயர் வந்த கதையும் நாம் வந்த கதையும்

சிட்னி மத்திய நிலையத்திலிருந்து மேற்கே புறப்படும் புகையிரதம் பரமட்டாவையும் வெஸ்ட்மீட்டையும் தாண்டியதும் அடுத்ததாக நிற்கும் இடம் வென்ட்வேர்த்வில். நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 27 கிலோமீற்றர். உள்ளூர்க்காரர் இதைச் சுருக்கி "வென்டி" என்பார்கள்; எம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதுவே வாய்க்கு வருகிறது. எம்மவரிற் பலர் இவ்வூரில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தும், வீடு, வேலை, கோயில், கடை என்ற நான்கு மூலைகளுக்கு அப்பால் இதன் வரலாற்றை அறிந்துகொள்ள வாய்ப்பு இருந்ததில்லை. அறிந்துகொள்வது நன்று என்ற எண்ணத்திலேயே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முதலில் நிலத்தைச் சொல்ல வேண்டும். கிழக்கே வெஸ்ட்மீட், மேற்கே பென்டில் ஹில், வடக்கே கொன்ஸ்ரிரியூஷன் ஹில், தெற்கே கிறேஸ்ரேன்ஸ். இடையில் ஃபின்லேசன் ஓடை என்ற சிறு நீரோடை வடக்கு நோக்கி ஓடி டூங்காபி ஓடையிற் கலக்கிறது. டூங்காபி ஓடைதான் மேலும் கிழக்கே சென்று பரமட்டா ஆறாகிறது. மண் களிமண். மழைக்கு ஒட்டும், வெயிலுக்கு வெடிக்கும். சுற்றுவட்டாரத்தில் அக்காலத்தில் செங்கற் சூளைகள் இருந்ததற்கும், இன்று பழைய வீடுகளின் சுவர்களில் கீறல் விழுவதற்கும் இதே களிமண்தான் காரணம். கடற்காற்று இவ்வளவு தூரம் வந்து சேர்வதில்லை என்பதால் கோடையில் வெப்பம் கடுமை. 2020 ஜனவரி 4ஆம் திகதி, எமக்கு மேற்கேயுள்ள பென்றித்தில் 48.9 பாகை பதிவானது நினைவிருக்கும். குளிர்காலத்திலோ அதிகாலையில் பனி உறைகிறது. முற்றத்தில் முருங்கை நட்டவர்களிடமும் கறிவேப்பிலையை யூலை மாதத்தில் வீட்டுக்குள் தூக்கி வைப்பவர்களிடமும் கேட்டால் இந்தக் காலநிலையைப் பற்றி மணிக்கணக்கில் சொல்வார்கள்.

இந்நிலம் டாரக் மக்களின் நிலம். பரமட்டா என்ற பெயரே விலாங்கு மீன் இருக்கும் இடம் என்ற பொருளில் அவர்கள் மொழியிலிருந்து வந்தது. வெள்ளையர் வந்து ஓராண்டு கழிந்த சிறிது காலத்தில், 1789 இல், பெரியம்மை பரவி சிட்னிப் பகுதியின் பூர்வீகக் குடிகளிற் பெருந்தொகையினரைக் கொன்றது. 1791 இல் டூங்காபியில் அரசாங்கப் பண்ணை தொடங்கியது. கைதிகளைக் கொண்டு காடு வெட்டி உழுதார்கள். காட்டையும் ஆற்றங்கரையையும் இழந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. பெமுல்வுய் என்ற வீரனின் தலைமையில் 1797 இல் டூங்காபிப் பண்ணையைத் தாக்கிப் பரமட்டா வரை சென்று போரிட்டார்கள். படுகாயத்துடன் பிடிபட்ட பெமுல்வுய் பின்னர் தப்பி ஓடினார். 1802 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். எமக்குத் தென்மேற்கே புதிதாக எழுந்த குடியிருப்புக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அங்கு வீடு வாங்கிய எம்மவர் சிலர் அது ஏதோ ஆங்கிலப் பிரபுவின் பெயர் என்று நினைத்திருப்பது வேடிக்கை.

இனி ஊரின் பெயருக்கு வருவோம். டார்சி வென்ட்வேர்த் அயர்லாந்தில் பிறந்த ஒரு வைத்தியர். இலண்டனில் நெடுஞ்சாலைக் கொள்ளைக் குற்றச்சாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை நீதிமன்றம் ஏறி விடுதலையாகி, 1790 இல் கைதிகளை ஏற்றிவந்த நெப்டியூன் கப்பலில் இந்நாட்டுக்கு வந்தவர். வந்த இடத்தில் தலைமை வைத்தியர், பொலிஸ் அதிகாரி, வங்கி இயக்குநர் என்று உயர்ந்தார். சிட்னியில் வைத்தியசாலை கட்டிக் கொடுத்ததற்குக் கூலியாக ரம் சாராயம் இறக்குமதி செய்யும் உரிமை பெற்ற மூவரில் ஒருவர். 1810 இல் இப்பகுதியில் அவருக்கு நிலம் வழங்கப்பட்டது. அதிலிருந்து வந்ததே ஊரின் பெயர்.

அவருடைய மகன் வில்லியம் சார்ள்ஸ் வென்ட்வேர்த் தந்தையை விடப் புகழ்பெற்றவர். 1813 இல் பிளக்ஸ்லாண்ட், லோசன் என்ற இருவருடன் நீலமலையைக் கடந்தவர். 1850 இல் சிட்னிப் பல்கலைக்கழகம் தோன்ற முன்னின்றவர். இதைப் பாடப் புத்தகத்திலேயே படிக்கலாம். எமக்கு வேண்டிய செய்தி வேறொன்று. 1840 இல் நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகளை அனுப்புவது நின்றபோது, பண்ணைகளுக்கு ஆள் தேடிய நிலச்சுவான்தார்கள் இந்தியாவிலிருந்து கூலிகளைக் கொண்டுவர வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள். அந்தக் குரல்களில் இவருடையதும் ஒன்று. "கூலி" என்ற சொல் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது என்பது பலர் கொள்ளும் கருத்து. அச்சொல்லைக் கேட்டு வளர்ந்த குடும்பத்தின் பெயரைத் தாங்கிய ஊரில் இன்று எம்மவர் வைத்தியராகவும் கணக்காளராகவும் வீட்டுரிமையாளராகவும் இருக்கிறார்கள்.

1860 இல் புகையிரதப் பாதை பரமட்டாவிலிருந்து பிளக்டவுன் வரை நீண்டது. இங்கு வண்டி நிற்கத் தொடங்கியது 1883 இல், முதலில் ரி. ஆர். ஸ்மித் என்பவரின் பெயரால் அழைக்கப்பட்ட மேடை 1885 இல் வென்ட்வேர்த்வில் ஆயிற்று. நிலங்கள் துண்டாடி விற்கப்பட்டன. பழத்தோட்டங்களும் கோழிப்பண்ணைகளும் நெடுங்காலம் இருந்தன. நகராட்சியும் பெயர் மாறி மாறி வந்தது: 1872 இல் புரொஸ்பெக்ட் அன் ஷேர்வூட், 1927 இல் ஹொல்றோய்ட், 2016 இல் கம்பர்லாண்ட். வடபகுதி பரமட்டா மாநகர சபையைச் சேர்ந்தது. குப்பைத் தொட்டி எந்த நாளில் எடுப்பார்கள் என்று அடுத்த தெருக்காரரிடம் கேட்டுப் பயனில்லாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டன்மோர் வீதியின் மேற்குக் கோடியில், பென்டில் ஹில்லை ஒட்டி, 1923 இல் பொண்ட்ஸ் நிறுவனம் பஞ்சாலை அமைத்தது. அவுஸ்திரேலியாவில் பருத்தி நூற்ற முதல் ஆலை அதுவே. இரண்டாம் உலகப்போருக்குப் பின் வந்த மோல்ற்றா நாட்டவரும் பிறரும் இப்பகுதியிற் குடியேறி ஆலைகளிலும் தோட்டங்களிலும் உழைத்தார்கள். 2009 இல் அந்நிறுவனத்தின் உரிமையாளர் உள்நாட்டு உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தபோது நாடெங்கும் 1,850 பேர் வேலை இழந்தார்கள். உள்ளாடை சீனாவிலிருந்து வரத் தொடங்கியது.

எமது வரவு பிந்தியது. 1901 இல் இயற்றப்பட்ட குடிவரவுச் சட்டத்துடன் வேரூன்றிய வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை 1973 இல் முற்றாக நீங்கிய பின்னரே எம்மவர் தொகையாக வர முடிந்தது. 1978 இல் வெஸ்ட்மீட் வைத்தியசாலை திறக்கப்பட்டது இவ்வூருக்குப் பெரிய திருப்பம். வைத்தியர்களும் தாதியரும் ஆய்வுகூட ஊழியர்களும் நடந்தோ ஒரு நிறுத்தம் வண்டியிலோ வேலைக்குப் போகக்கூடிய தூரத்தில் வீடு தேடினார்கள். 1983 யூலைக் கலவரத்தின் பின் ஈழத்திலிருந்து வந்த குடும்பங்கள் முதலில் ஹோம்புஷ், ஸ்ராத்ஃபீல்ட், ஃபிளெமிங்டன் பகுதிகளிற் கூடியிருந்தன. அங்கு வீட்டு விலை ஏற ஏற, அதே புகையிரதப் பாதையைப் பிடித்து மேற்கே நகர்ந்தார்கள். 1990களின் இறுதியிலிருந்து தமிழகத்துக் கணினிப் பொறியியலாளர்கள் வந்து சேர்ந்தார்கள். குஜராத்திகளும் தெலுங்கரும் உடன் வந்தார்கள். 2021 குடிசன மதிப்பின்படி இவ்வூரின் மிகப்பெரிய சமயப் பிரிவினர் இந்துக்களே. அவ்வாண்டில் அவுஸ்திரேலியா முழுவதும் இந்துக்கள் 684,002 பேர். வீட்டில் தமிழ் பேசுவோர் 95,404 பேர்.

கோயில் இல்லாத ஊரில் குடியிருக்க வேண்டாம் என்று வளர்ந்தவர்களுக்கு முதற் காலம் கடினமாகவே இருந்தது. 1977 இல் ஓபர்னில் ஸ்ரீ மந்திர் தோன்றியது. 1985 இல் ஹெலன்ஸ்பேர்க்கில் வேங்கடேஸ்வரர் ஆலயக் கும்பாபிஷேகம் நடந்தது. அதற்குச் சிட்னிக்குத் தெற்கே நெடுந்தூரம் காரோட்டிப் போக வேண்டும். 1999 யூனில் மேய்ஸ் ஹில்லில் சிட்னி முருகன் ஆலயக் கும்பாபிஷேகம் நிறைவேறியபோதுதான் வென்ட்வேர்த்வில்லில் இருந்த அடியார்களுக்கு வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து ஒரு நடை போய் வரலாம் என்ற நிலை வந்தது. ஆலயம் அமைந்திருப்பது கிறேற் வெஸ்ரேர்ன் நெடுஞ்சாலையில். அச்சாலை மேற்கே நீலமலை ஏறிப் போவது. வென்ட்வேர்த்தின் மகன் மலையைக் கடந்ததன் பயனாக எழுந்த வழியின் தொடர்ச்சி. பங்குனி உத்தரத்தை ஒட்டி மகோற்சவம் வருகிறது. லேன் வீதியிலுள்ள றெட்கம் மண்டபத்தில் கலியாணம், அரங்கேற்றம், பூப்புனித நீராட்டு விழா என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும்.

இவ்வளவும் மனநிறைவு தரும் செய்திகள். ஆனால் வென்டியில் வாழும் தமிழர் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை என்பதை எம் பக்கங்களில் யாரும் எழுதக் காணோம்.

பெற்றோரை அழைக்க விரும்பும் பிள்ளைகளின் நிலை ஒன்று. பணம் கட்டிப் பெறும் பெற்றோர் விசாவுக்கு ஒருவருக்கு 40,000 டொலருக்கு மேல் வேண்டும். அப்படியும் பத்தாண்டுக்கு மேற் காத்திருக்க வேண்டும். குறைந்த கட்டணத்து விசாவுக்குக் காத்திருப்பு இன்னும் மிக நீண்டது. எழுபது வயதுத் தாய்க்கு அது விசா அல்ல, பேச்சுக்கு ஒரு விண்ணப்பம். ஆகவே வருகையாளர் விசாவில் வந்து, பேரப்பிள்ளையைப் பார்த்து, சமைத்து, கோயிலுக்குப் போய், திகதி முடிந்ததும் விமானம் ஏறும் அம்மாக்கள் இவ்வூரில் நிறைய.

இதைவிடக் கடினம் படகில் வந்தவர்களின் நிலை. 2012 இல் மட்டும் இலங்கையிலிருந்து 6,000 பேருக்கு மேல் அவ்வாறு வந்தார்கள், பெரும்பாலானோர் தமிழர். அவ்வாண்டு ஓகஸ்ற் 13க்குப் பின் வந்தவர்களுக்குப் பிரிட்ஜிங் விசா கிடைத்தாலும் தொடக்கத்தில் வேலை செய்யும் உரிமை இல்லை. மேற்குச் சிட்னியில் ஒரு வீட்டில் ஐந்தாறு பேராகத் தங்கி, தெரிந்தவர் தந்த உதவியில் காலம் கழித்தார்கள். தற்காலிகப் பாதுகாப்பு விசா பெற்றவர்களாலும் மனைவி பிள்ளைகளை அழைக்க முடியவில்லை. 2023 பெப்ரவரியில் அரசாங்கம், அத்தகைய விசா பெற்ற பல நாட்டவர் 19,000 பேரளவில் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என அறிவித்தது. அது நல்ல செய்தி. ஆயினும் "விரைவு வழி" விசாரணையில் நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர் அதில் அடங்கவில்லை. எம்மவர் பலர் அதில் உள்ளனர். சிலர் வந்தபோது கைக்குழந்தையாக இருந்த பிள்ளை இன்று உயர்தரப் பாடசாலையிற் படிக்கிறது. பல்கலைக்கழகம் போக வேண்டுமானால் விசா குறுக்கே நிற்கிறது.

முன்னர் வந்தோர் சிலர் இவர்களைப் பற்றிப் பேசும்போது "நாங்கள் முறைப்படி வந்தோம்" என்று சொல்வது காதில் விழுகிறது. 1983 இன் பின் வந்த எம்மில் எத்தனை பேருக்கு ஒரு மாமனோ மைத்துனனோ முன்கூட்டி வந்து அனுசரணைக் கடிதம் போட்டிருந்தார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கலாம். மாமன் இல்லாதவனுக்குப் படகு கிடைத்தது. அன்னதான வரிசையில் தட்டேந்தி நிற்கையில் முன்னால் நிற்பவரின் விசா இலக்கத்தை யாரும் கேட்பதில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் வாடகைக்கு அறை கொடுக்கும்போதும் எம்மவரே கேட்டு, பலவீனம் தெரிந்ததும் கூலியைக் குறைக்கிறார்கள். அந்தப் பழைய சொல் இப்போது எங்கள் வாயிலேயே வந்து நிற்கிறது.

கடைசியாகப் பிள்ளைகளின் தமிழ். ஊரின் வடபக்கத்தில் டார்சி வென்ட்வேர்த்தின் பெயர் கொண்ட டார்சி வீதியிலுள்ள பாடசாலையில் வார இறுதியில் வென்ட்வேர்த்வில் தமிழ்க் கல்வி நிலையம் வகுப்பு நடத்துகிறது. இம்மாநிலத்தின் எச்.எஸ்.சி. தேர்வில் தமிழ் ஒரு பாடம் என்பதால் மூத்த பிள்ளைகளுக்கு அதில் ஒரு பிடிப்பு உண்டு. சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் ஒரு பிள்ளை "கதைக்கிறேன்" என்று சொல்ல, பக்கத்துப் பிள்ளை "பேசுறேன்" என்று சொல்லும். எது சரி என்று ஆசிரியையிடம் வழக்கு வரும். இரண்டும் சரி என்பதே தீர்ப்பு. வாசலில் காத்திருக்கும் பெற்றோரில் வைத்தியரும் இருப்பார், பிரிட்ஜிங் விசாவில் இரவு வேலை முடித்து நித்திரை கொள்ளாமல் வந்தவரும் இருப்பார். மணி அடித்ததும் பிள்ளைகள் இருவரும் ஆங்கிலத்திற் சண்டை பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வருவார்கள்.