மறுபடியும் ரூட் கேனாலா?

போடி, சிலமலைப் பக்கம் விடியற்காலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களுக்குப் பல்வலி வந்தால், முதலில் மெடிக்கலில் மாத்திரை. அதற்கும் அடங்காவிட்டால்தான் பல் டாக்டர். வேலையை விட்டு, காசைச் சேர்த்து ரூட் கேனால் செய்துகொண்ட பல், இரண்டு வருஷத்தில் மறுபடி வீங்கினால் ஆத்திரம் வரத்தான் செய்யும். “நரம்பையே எடுத்தாச்சே, அப்புறம் எப்படி வலிக்குது?” என்ற கேள்வியும் நியாயமானதே.

வலிப்பது பல்லுக்குள் அல்ல. பல்லைத் தாங்கும் எலும்பிலும் அதைச் சுற்றியுள்ள சதையிலும். வேர்க்குழாயில் கிருமி தங்கிவிட்டால், அதன் நச்சு வேர்நுனி வழியே கசிந்து எலும்பைக் கரைக்கிறது. எக்ஸ்ரேயில் அது கறுப்பு வட்டமாகத் தெரியும். கிருமிதான் மூலகாரணம் என்பதை 1965-இல் ஆய்வாளர் ககேஹாஷியின் குழுவினர் எலிகளை வைத்துக் காட்டினார்கள். கிருமியே படாமல் வளர்த்த எலிகளின் பல்லைத் துளைத்துத் திறந்தபடி விட்டும் பற்கூழ் (பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் சதை) அழுகவில்லை. துளையை மூடப் புதுத் திசுவே வளர்ந்தது. சாதாரண எலிகளுக்கோ சீழ் பிடித்தது.

மாத்திரை ஏன் கைகொடுப்பதில்லை என்பதும் இதில் விளங்கும். பற்கூழ் போன குழாயில் ரத்த ஓட்டம் கிடையாது. மருந்து அங்கே போய்ச் சேர வழியில்லை. வீக்கம் வடியும், கிருமி அப்படியே இருக்கும்.

முதல் சிகிச்சை தோற்கப் பல காரணங்கள் உண்டு. மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர். ஆனால் கன்னத்துப் பக்கத்து முன்வேரில் பெரும்பாலும் இரண்டு குழாய்கள் இருக்கும். இரண்டாவது மயிரிழை போன்றது, எளிதில் தப்பிவிடும். வயலில் ஒரு மடையை அடைக்காமல் விட்டால் மற்ற மடைகளை அடைத்து என்ன பயன்? கேப் போடாமல் தள்ளிப்போட்டால் மேலிருந்தும் எச்சில் இறங்கும். தோற்ற பற்களில் அடிக்கடி அகப்படும் என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற கிருமி, குழாயில் வைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடின் காரத்தையும் தாக்குப்பிடிக்கக்கூடியது.

ஈறில் சின்னப் பரு ஒன்று அடிக்கடி உடைந்து சீழ் வடிகிறதா? டாக்டர் அந்தத் துளைக்குள் மெல்லிய இளஞ்சிவப்புக் குச்சியை நுழைத்து எக்ஸ்ரே எடுப்பார். குச்சியின் வெள்ளை நிழல் வளைந்து போய், எந்த வேரில் தொல்லை என்று காட்டிவிடும்.

அந்தக் குச்சிதான் குட்டா பெர்ச்சா. வேர்க்குழாயை அடைப்பதும் இதை வைத்தே. மலேயா காட்டு மரத்தின் பால். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்தது, 1867-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் பவ்மன் கையால் வேர்க்குழாய்க்குள் வந்தது. இன்றைய குச்சியில் அந்தப் பால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மிச்சத்தில் பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. அந்த மலேயா மரத்தின் பேரினத்தையே சேர்ந்த பலாக்வியம் எலிப்டிகம் நம் மேற்குமலைச் சோலைக்காடுகளின் மரம். ஏலச்செடிக்கு நிழலாகவும் நிற்கிறது. இலுப்பையும் சப்போட்டாவும் இந்தக் குடும்பமே.

மறுசிகிச்சையில் முதல் வேலை பழைய அடைப்பை எடுப்பது. ஆரஞ்சு எண்ணெயோ யூகலிப்டஸ் எண்ணெயோ ஒரு சொட்டு விட்டால் குட்டா பெர்ச்சா இளகும். நுண்ணிய அரத்தால் சுருள் சுருளாக வெளியே வரும். பிறகு நுண்ணோக்கியில் விட்டுப்போன குழாயைத் தேடுவார்கள். சோடியம் ஹைப்போகுளோரைட் விட்டு அலசி, தேவைப்பட்டால் சில நாள் மருந்து வைத்து, மறுபடி அடைத்துக் கேப் போடுவார்கள்.

பலன் உண்டா? லண்டன் ஈஸ்ட்மன் பல் மருத்துவ நிறுவன ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட கணக்கில், முதல் சிகிச்சையில் 83 சதவீத வேர்களும் மறுசிகிச்சையில் 80 சதவீத வேர்களும் ஆறியிருந்தன. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் எலும்பு வளர மாதக்கணக்காகும், சிலருக்கு வருஷக்கணக்கும் ஆகும். வலி நின்றாலும் ஒரு வருஷம் கழித்து எக்ஸ்ரே பார்ப்பது அவசியம்.

வேர் நெடுக்காக விரிசல் விட்டிருந்தால் அநேகமாகப் பல்லை எடுத்தாக வேண்டும். குழாய் வழியே நுனியை எட்ட முடியாவிட்டால், ஈறைத் திறந்து வேர்நுனியை வெட்டி அடைக்கும் அறுவை உண்டு. ஆகவே, “பிடுங்கிடலாமா?” என்று கேட்கும் முன், “முதல் தடவை எதனால் கெட்டது?” என்று டாக்டரிடம் கேளுங்கள். எந்த வழி என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.